'லங்ஸ் இன்னும் டைட்டாத்தான் இருக்கு': குறைமாதக் குழந்தையின் மூச்சை அளப்பது எப்படி, ஏன் அது முக்கியம்?

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வார்மரின் வெளிச்சத்தில் ஒரு கிலோ எடையுள்ள குழந்தை. வாயில் மெல்லிய குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். திரையில் வண்ணக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அப்பாவின் கண் ஒரே ஒரு எண்ணில்தான் இருக்கும். ஆக்சிஜன் அளவு.

"93 காட்டுது சிஸ்டர், நல்லாத்தானே இருக்கு?"

"ஆக்சிஜன் ஓகே சார். ஆனா லங்ஸ் இன்னும் டைட்டாத்தான் இருக்கு. பார்க்கலாம், பொறுமையா இருங்க."

அதோடு பேச்சு முடிந்துவிடும். நாட்டின் ஏதோ ஒரு மருத்துவமனையில் தினமும் நடக்கும் உரையாடல் இது. அந்த 'டைட்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் கிட்டத்தட்ட நூறு வருட அறிவியல் இருக்கிறது. நுரையீரல் எவ்வளவு டைட் என்று யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள், அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் உயிரும், அதன் பிற்கால ஆரோக்கியமும் பல நேரங்களில் இந்தக் கேள்விகளில்தான் தொங்குகின்றன.

நுரையீரல் 'டைட்' என்றால் என்ன?

புது பலூனை ஊதியிருப்பீர்கள். முதல் ஊதலுக்குக் கன்னம் வலிக்கும். காற்று கொஞ்சம் உள்ளே போய்விட்டால் அப்புறம் ஈஸி. ஏற்கெனவே நாலு முறை ஊதிய பலூன் என்றால் லேசாக ஊதினாலே விரியும். ஒரே அளவு காற்றுக்கு ஒன்று அதிக அழுத்தம் கேட்கிறது, இன்னொன்று குறைவாகக் கேட்கிறது.

நுரையீரலிலும் இதேதான் அளக்கப்படுகிறது. குறிப்பிட்ட அழுத்தம் கொடுத்தால் எவ்வளவு காற்று உள்ளே போகிறது? போன காற்றை, கொடுத்த அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் 'காம்ப்ளையன்ஸ்'. தமிழில் நெகிழ்திறன் எனலாம். எண் பெரிதாக இருந்தால் நுரையீரல் சுலபமாக விரிகிறது என்று அர்த்தம். எண் சிறிதாக இருந்தால் விறைப்பாக இருக்கிறது, அதாவது நர்ஸ் சொன்ன 'டைட்'.

காற்றின் அளவு மில்லி லிட்டரில். அழுத்தம்? அதற்கு டாக்டர்கள் பயன்படுத்தும் அலகு 'செ.மீ. நீர்'. கேட்கப் புதிதாக இருந்தாலும் எல்லோரும் சின்ன வயதில் செய்து பார்த்ததுதான். தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை 5 செ.மீ. ஆழத்துக்கு முக்கி ஊதுங்கள். முதல் குமிழி வெளியே வர நீங்கள் கொடுக்கும் அழுத்தம் 5 செ.மீ. நீர். அவ்வளவுதான்.

ஒரு மூச்சு, ஒரு டீஸ்பூன்

ஆரோக்கியமான பெரியவரின் நுரையீரல், ஒரு செ.மீ. நீர் அழுத்தத்துக்குச் சுமார் 200 மி.லி. விரியும். நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு இது சுமார் 4 முதல் 6 மி.லி. மட்டுமே. பயப்பட வேண்டாம், இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி உருவம் சிறியது என்பதால் வருவது. அதனால்தான் குழந்தைகளின் நெகிழ்திறனை எடையோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

குழந்தை சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சின் அளவு, ஒரு கிலோ எடைக்கு 4 முதல் 6 மி.லி. ஒரு கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அரை கிலோவில் பிறந்த குழந்தைக்கு அரை டீஸ்பூன். இந்த அரை டீஸ்பூன் காற்றை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை உள்ளே அனுப்பி வெளியே எடுக்க வேண்டும்.

இதில் ஒரு டீஸ்பூன் கூடினாலோ குறைந்தாலோ என்ன என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். அந்தக் குழந்தைக்கு அது இரண்டு மடங்கு. சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

குறைமாத நுரையீரல் ஏன் விறைக்கிறது?

மழையில் நனைந்த பாலித்தீன் கவரைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரவே வராது. நடுவில் இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் காரணம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் உட்சுவரும் ஈரமானது. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை, ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் காற்றறையைச் சுருக்கி ஒட்ட வைக்கப் பார்க்கும். அறை சிறிதாக ஆக, அதைத் திறந்து வைக்கத் தேவைப்படும் அழுத்தம் கூடிக்கொண்டே போகும்.

இதைத் தடுக்க உடல் ஒரு வழி வைத்திருக்கிறது. சோப்பு எப்படித் தண்ணீரின் இழுவிசையைக் குறைக்கிறதோ, அதே மாதிரி வேலை செய்யும் ஒரு கொழுப்பு-புரதக் கலவையை நுரையீரல் செல்களே சுரக்கின்றன. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். கரு வளர்ச்சியில் சுமார் 24-வது வாரத்தில் இதன் உற்பத்தி மெல்லத் தொடங்குகிறது. போதுமான அளவு சேர 35-வது வாரம் வரை ஆகலாம். அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு இந்தச் 'சோப்பு' போதாது. காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சும் புது பலூனின் முதல் ஊதல் ஆகிவிடுகிறது.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. பச்சிளம் குழந்தையின் விலா எலும்பு பெரும்பாலும் குருத்தெலும்பு. ரொம்ப வளையும். உதரவிதானம் கீழே இறங்கிக் காற்றை இழுக்க முயலும்போது, விறைத்த நுரையீரல் விரிவதற்குப் பதிலாக மென்மையான மார்புச் சுவர் உள்ளே குழிந்துவிடும். குழந்தை உழைக்கிறது, காற்று வரவில்லை. 'நெஞ்சு குழி விழுது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

1929-ல் குர்ட் ஃபான் நீர்கார்ட் என்ற ஆய்வாளர், உடலிலிருந்து எடுத்த நுரையீரலை ஒருமுறை காற்றாலும் ஒருமுறை திரவத்தாலும் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. அப்படியென்றால் நுரையீரலைச் சுருக்கும் விசையில் பெரும்பகுதி தசையிலோ நாரிலோ இல்லை, காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பில் இருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் பல வருடங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

1950-களில் கதை வேகம் எடுத்தது. பிரிட்டனில் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வரும் நுரைக் குமிழிகள் விசித்திரமாக நீண்ட நேரம் உடையாமல் இருப்பதை 1955-ல் சொன்னார். அமெரிக்காவில் ஜான் கிளமென்ட்ஸ் நுரையீரல் சாறின் பரப்பு இழுவிசையை 1957-ல் அளந்து காட்டினார். அதே வருடம் பாஸ்டனில் சார்லஸ் குக் உள்ளிட்ட குழு, பிறந்த குழந்தைகளின் மூச்சு இயக்கத்தை நேரடியாக அளந்து வெளியிட்டது.

இந்த நூல்களை ஒன்றாகக் கோத்தவர் மேரி எலன் ஏவரி என்ற இளம் குழந்தைகள் நல டாக்டர். மூச்சுத் திணறலால் இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சாறை, வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாறோடு ஒப்பிட்டார். முதல் வகையில் பரப்பு இழுவிசை மிக அதிகம். 1959-ல் ஜெரி மீட் உடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, இந்த நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறை என்ற இடத்துக்கு மருத்துவ உலகை அழைத்து வந்தது.

ஆனால் காரணம் தெரிவது வேறு, காப்பாற்றுவது வேறு. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு ஒரு ஆண் குழந்தை, ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்தது. எடை சுமார் 2.1 கிலோ. பெயர் பேட்ரிக். இதே மூச்சுத் திணறல் நோய். உலகின் பலம் வாய்ந்த நாட்டின் அதிபர் மகன், ஏவரி ஆய்வு செய்த அதே பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 39 மணி நேரத்தில் இறந்துபோனது. இன்றைக்கு அந்த எடையில், அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தை நல்ல மருத்துவமனையில் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

நடுவில் நடந்தது என்ன? 1971-ல் ஜார்ஜ் கிரிகரி குழு, மூச்சுவிடும் நேரத்திலும் காற்றறைகள் மூடிவிடாமல் தொடர்ந்து லேசான அழுத்தம் கொடுக்கும் 'சிபாப்' முறையை அறிவித்தது. 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். 1972-ல் நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ், ராஸ் ஹோவி இருவரும், முன்கூட்டியே பிரசவம் ஆகும் நிலையில் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று காட்டினார்கள். 1980-ல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்ட்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நல்ல பலன் கண்டார். இந்த வரிசை மொத்தத்துக்கும் அடித்தளம், யாரோ உட்கார்ந்து அழுத்தத்தையும் காற்றையும் அளந்தது.

சரி, எப்படித்தான் அளக்கிறார்கள்?

பெரியவர்களுக்குச் சோதனை என்றால் "நல்லா இழுங்க... விடுங்க" என்று சொல்லிவிடலாம். பச்சிளம் குழந்தையிடம் அது நடக்குமா? அதனால் குழந்தைக்குத் தெரியாமலேயே அளக்கும் வழிகளைத் தேடினார்கள்.

ஒரு வழி, உணவுக்குழாய் வழியே. நெஞ்சுக்குள் நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தத்தை நேரடியாக அளக்க முடியாது. ஆனால் உணவுக்குழாய் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. அதில் மெல்லிய குழாயோ சின்ன பலூனோ வைத்தால் ஏறக்குறைய அந்த அழுத்தம் கிடைக்கும். மூக்கு, வாய் வழியாகப் போகும் காற்றைத் தனியாக அளந்து இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். நுரையீரலின் விறைப்பையும் மார்புச் சுவரின் விறைப்பையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது இதன் பலம். குறைமாதக் குழந்தையின் மார்பு குழிந்து நெளியும்போது உள்ளழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால் கணக்கு தவறலாம். இது இதன் பலவீனம்.

இரண்டாவது வழி சுவாரஸ்யமானது. நுரையீரல் நன்றாக விரிந்த நேரத்தில் மூச்சு இழுப்பதை மூளை கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் ஒரு அனிச்சைச் செயல் உண்டு. 1868-ல் ஹெரிங், பிராயர் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். பெரியவர்களைவிடப் பச்சிளம் குழந்தைகளிடம் இது வலுவாக இருக்கும். குழந்தை மூச்சை இழுத்து முடிக்கும் நொடியில் முகமூடியின் வால்வை மூடினால், இந்த அனிச்சையால் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வாயில் நிற்கும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். வால்வைத் திறந்ததும் காற்று தானாக வெளியேறும், அதை அளக்கிறார்கள். ஒரே மூச்சில் நெகிழ்திறன், மூச்சுப்பாதையின் தடை இரண்டுமே கிடைத்துவிடும். ஆஸ்திரேலிய டாக்டர் பீட்டர் லெசூஃப் உள்ளிட்டோர் 1984-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

மூன்றாவது, இன்று வார்டில் தினமும் நடப்பது. வென்டிலேட்டர் குழாயும் குழந்தையின் வாய்க்குழாயும் சேரும் இடத்தில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். எவ்வளவு காற்று போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒவ்வொரு மூச்சுக்கும் அது கணக்கெடுக்கும். அழுத்தம் மெஷினுக்கே தெரியும். இரண்டையும் வைத்துத் திரையில் வளையம் போல ஒரு வரைபடம் ஓடும்.

அந்த வளையம் என்ன சொல்கிறது?

வளையம் நன்றாக நிமிர்ந்து நின்றால், கொஞ்ச அழுத்தத்துக்கே நிறையக் காற்று போகிறது என்று அர்த்தம். படுத்துக் கிடந்தால் நுரையீரல் விறைப்பாக இருக்கிறது. வளையத்தின் நுனி பறவையின் அலகு மாதிரி நீண்டு படுத்திருந்தால், அது எச்சரிக்கை மணி. அழுத்தம் ஏறுகிறது, ஆனால் காற்று கூடவில்லை. அதாவது நுரையீரல் விரியும் எல்லையைத் தொட்டுவிட்டது. இனியும் அழுத்தினால் கிழியும்.

ஆக, விறைப்பு இரண்டு முனையிலும் உண்டு. காற்றறைகள் மூடிக் கிடந்தாலும் விறைப்பு, அளவுக்கு மீறி ஊதிக் கிடந்தாலும் விறைப்பு. நடுவில் ஒரு சௌகரியமான பகுதி இருக்கிறது. குழந்தையை அந்த நடுப்பகுதியில் வைத்திருப்பதுதான் டாக்டரின் வேலை. சிபாப் செய்வதும் அதுவே. அதன் எளிய வடிவமான 'பபிள் சிபாப்'பில் மூச்சு வெளியேறும் குழாயைத் தண்ணீர் பாட்டிலுக்குள் 5 செ.மீ. ஆழத்தில் முக்கி வைப்பார்கள். குமிழி வந்துகொண்டே இருந்தால் குழந்தைக்கு 5 செ.மீ. அழுத்தம் கிடைக்கிறது. டம்ளரும் ஸ்ட்ராவும் கதைதான்.

குணமாகும் நேரம்தான் ஆபத்தான நேரம்

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. ஒரு எளிய கணக்கு. ஒரு கிலோ குழந்தை. நுரையீரல் ரொம்ப விறைப்பு. ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு 0.4 மி.லி. மட்டுமே விரிகிறது. 5 மி.லி. காற்று போக 12.5 செ.மீ. அழுத்தம் தேவை. டாக்டர் மெஷினில் அதைச் செட் செய்கிறார். சர்ஃபாக்டன்ட் மருந்தும் கொடுக்கிறார்.

மருந்து வேலை செய்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் நெகிழ்திறன் இரண்டு மடங்காகி 0.8 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷினில் அழுத்தம் அதே 12.5. இப்போது உள்ளே போகும் காற்று எவ்வளவு? 10 மி.லி. ஒரு டீஸ்பூன் வேண்டிய இடத்தில் இரண்டு டீஸ்பூன், நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல். ஆக்சிஜன் எண் பிரமாதமாக இருக்கும். அப்பா சந்தோஷப்படுவார். உள்ளே காற்றறைகள் காயப்பட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. விறைத்த நுரையீரல் சட்டென்று காற்றை வெளியேற்றிவிடும். நெகிழ்ந்த நுரையீரலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். முன்பு வைத்த அதே வேகத்தில் மெஷின் அடுத்த மூச்சைத் தள்ளினால், பழைய காற்று முழுதாக வெளியேறும் முன்பே புதுக் காற்று சேரும். நுரையீரல் ஊதிக்கொண்டே போகும்.

1988-ல் பிரான்ஸில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று இந்த வாதத்தை மாற்றிப் போட்டது. மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி, நுரையீரல் அதிகம் விரியாதபடி செய்துவிட்டு உயர் அழுத்தம் கொடுத்தார்கள். பெரிய சேதமில்லை. பட்டை இல்லாமல் நிறைய விரிந்த நுரையீரல்களில் நீர் கோத்துக்கொண்டது. காயப்படுத்துவது அழுத்தத்தைவிட அளவு மீறிய விரிவுதான் என்பது தெளிவானது. 1997-ல் ஸ்வீடனில் குறைமாத ஆட்டுக்குட்டிகளுக்குப் பிறந்தவுடன் வெறும் 6 பெரிய மூச்சுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு கொடுத்த சர்ஃபாக்டன்ட்டின் பலனே குறைந்துபோனது. ஆறே மூச்சு.

இதனால்தான் இப்போதைய நவீன வென்டிலேட்டர்களில் 'இவ்வளவு அழுத்தம்' என்று சொல்வதற்குப் பதில் 'இவ்வளவு காற்று' என்று இலக்கு வைக்க முடிகிறது. நெகிழ்திறன் கூடினால் மெஷின் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த முறையில் மரணம் அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் ஏற்படும் வாய்ப்பும், நுரையீரல் கிழிந்து காற்று கசிவதும் குறைந்திருக்கின்றன.

எண்ணை அப்படியே நம்பலாமா?

கூடாது. இது அளவீட்டின் மறுபக்கம். குழந்தைகளுக்குப் போடும் வாய்க்குழாயைச் சுற்றிக் காற்று கசிவது சகஜம். கசிந்தால் கணக்கு தப்பும். சென்சாரில் ஒரு துளி ஈரம் படிந்தாலும் தப்பும். குழந்தை தானாகவும் மூச்சு இழுத்தால், மெஷினின் அழுத்தத்தோடு குழந்தையின் உழைப்பும் சேர்ந்துவிடும். நுரையீரல் நெகிழ்ந்துவிட்டதாகத் திரை காட்டும், உண்மையில் குழந்தை களைத்துக்கொண்டிருக்கும். சென்சாருக்குள் தங்கும் ஒரு மி.லி. காற்றுகூட, அரை டீஸ்பூன் மூச்சு விடும் குழந்தைக்குப் பெரிய பங்கு.

அப்படியானால் அனுபவசாலியின் கை போதுமா? பிரசவ அறையில் பையை அழுத்திக் காற்று கொடுக்கும்போது "கைக்கே தெரியும்" என்று சொல்லப்படுவதுண்டு. அமெரிக்காவில் ஜான் கேட்விங்கல் குழு 2009-ல் செயற்கை நுரையீரலை வைத்து இதைச் சோதித்தது. நெகிழ்திறன் மாறியதைக் கை சரியாக உணரவில்லை. காற்றின் அளவைத் திரையில் காட்டியபோது சுதாரித்துக்கொண்டார்கள்.

அதற்காகத் திரையை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. உண்மையான பிரசவ அறைகளில் இப்படிப்பட்ட மானிட்டரை வைத்துப் பல நாடுகளில் நடத்தி 2021-ல் வெளியான பெரிய சோதனையில், சரியான அளவுக்குள் விழுந்த மூச்சுகளின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. பரபரப்பான அந்த நிமிடங்களில் எண்ணைப் பார்க்க, புரிந்துகொள்ள, உடனே கையை மாற்றப் பழகிய ஆள் வேண்டும்.

மெஷின் இல்லாத இடத்தில்?

1956-ல் வில்லியம் சில்வர்மேன், டோரதி ஆண்டர்சன் இருவரும் கண்ணும் காதும் மட்டுமே தேவைப்படும் ஒரு அளவுகோலைக் கொடுத்தார்கள். ஐந்து விஷயங்கள். மேல் மார்பும் வயிறும் சேர்ந்து ஏறுகிறதா, விலா இடைவெளி குழிகிறதா, நெஞ்சுக்குழி உள்ளே போகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பரீட்சைக்கு நேரெதிர் கணக்கு, 0 என்றால் நலம், 10 என்றால் மிக மோசம். இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

அந்த முனகலுக்கு ஒரு விசேஷம் உண்டு. குழந்தை வலியால் முனகுவதாகப் பலர் நினைப்பார்கள். உண்மையில் குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சு விடுவதால் வரும் சத்தம் அது. காற்றறைகள் மூடிவிடாமல் இருக்கக் குழந்தை தனக்குத் தானே சிபாப் கொடுத்துக்கொள்கிறது. ரொம்ப நேரம் தாங்காது. அதனால்தான் அந்தச் சத்தம் அவசரத்தின் அடையாளம்.

வீட்டில் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்:

- குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது.
- 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
- நெஞ்சு ஆழமாகக் குழிவது, முனகல், உதடும் நாக்கும் நீலமாவது, பால் குடிக்காமல் துவள்வது. இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

நாம் கேட்க வேண்டியது என்ன?

2020-ல் உலகில் 1.34 கோடி குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக 'லான்செட்' இதழில் 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். உலகிலேயே அதிகம். எல்லோருக்கும் வென்டிலேட்டர் தேவைப்படாது. ஆனால் தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையும் சிறியதல்ல.

ஒரு மருத்துவமனைக்குப் புது வென்டிலேட்டர் வந்தால் ரிப்பன் வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அதோடு வந்த சின்ன சென்சார் உடைந்தால் உடனே மாற்று இருக்கிறதா, இரவு ஷிப்டில் அந்த வளையத்தைப் படிக்கத் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா, ஒரு நர்ஸ் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்பதற்கு ரிப்பன் கிடையாது. ஆனால் குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்றுவது இவைதான். மெஷின் வாங்கும் பட்ஜெட்டிலேயே உதிரிபாகமும் பயிற்சியும் ஆள் பலமும் சேர்க்கப்பட வேண்டும். அளக்கத் தெரியாத இடத்தில் வென்டிலேட்டர் என்பது பாதி சிகிச்சைதான்.

அதற்கும் முன்னால் செய்யக்கூடியது இருக்கிறது. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் 2,852 தாய்மார்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. முன்கூட்டியே பிரசவமாகும் அபாயத்தில் இருந்த தாய்மார்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோது, பச்சிளம் குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. விலை குறைந்த மருந்து. ஆனால் இதற்கும் ஒரு அளவீடு வேண்டும். கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை ஆரம்பத்திலேயே ஸ்கேன் மூலம் சரியாகக் கணித்திருக்க வேண்டும். முதல் மூன்று மாத ஸ்கேன் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, டிஸ்சார்ஜுக்குப் பிறகு. குறைமாதத்தில் பிறந்து வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளில் சிலருக்கு நுரையீரல் பலவீனம் பள்ளி வயதிலும், வளர்ந்த பிறகும் தொடர்கிறது. எடை ஏறுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், மூச்சையும் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும். வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது, தடுப்பூசி எதையும் விடக் கூடாது என்பதை டிஸ்சார்ஜ் அன்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதாது, உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

மறுபடி அந்தக் கண்ணாடிக்கு வெளியே வருவோம். "லங்ஸ் டைட்டா இருக்கு" என்று சொன்ன நர்ஸ் தவறாக எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த அப்பாவுக்கு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க உரிமை உண்டு. "ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்து போகுது சிஸ்டர்? நேத்தைக்கு இன்னைக்கு பரவாயில்லையா?" பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தப் பதிலைச் சொல்லும் அளவுக்கு நேரமும் பயிற்சியும் சென்சாரும் நர்ஸிடம் இருக்கின்றனவா என்பதுதான், குழந்தைகள் பிரிவுக்கு நாம் வைக்க வேண்டிய பரீட்சை.